கூகையை விரட்டலாமா?

சென்ற திங்கள் சித்தூர் வட்டத்திலிருந்து ஒரு தாயார் நம் ஏட்டிற்குக் கடிதம் எழுதியிருந்தார். கணவரும் அவரும் ஒரு தென்னந்தோப்பில் வேலை செய்து, தோப்பின் ஓரத்திலேயே குடியிருக்கின்றனர். எலித்தொல்லை பொறுக்க இயலவில்லை; ரேஷன் அரிசி மூட்டை ஓட்டையாகிறது, பிள்ளைகளின் பாடப்புத்தகம் கறும்பப்படுகிறது, குரும்பைகள் துளைபட்டு உதிர்கின்றன என்று முறையிட்டுவிட்டு, மேலும் மூன்று செய்திகளை அவர் எழுதியிருந்தார். கணவர் குழாயில் விற்கும் எலிப்பசையை வாங்கி வந்து அடுப்படிப் பரணில் வைத்திருக்கின்றார். பயன்படாமற் கிடக்கும் தேங்காய்க் கிடங்கின் மேற்சுவர் இடுக்கில் இரண்டு கூகைகள் குடியேறி இரவெல்லாம் அலறுகின்றன. அபசகுனம், கல்லெறிந்து விரட்டுங்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்கின்றனர். இதற்கிடையில் எங்கிருந்தோ வந்த ஒருவர், அவ்விரண்டையும் உயிரோடு பிடித்துக் கொடுத்தால் பெருந்தொகை தருவதாக ஆசை காட்டிச் சென்றிருக்கின்றார். “ஐயா, நாங்கள் என்ன செய்வது?” என்பது அம்மையாரின் கேள்வி.

மூன்றும் வெவ்வேறு செய்திகளாகத் தோன்றலாம். ஆயின் மூன்றும் ஒன்றே. எலியைக் கொல்ல ஒரு கையில் நஞ்சை எடுக்கின்றோம். எலியைத் தின்றே உயிர்வாழும் பறவையை மறு கையால் விரட்டுகின்றோம், அல்லது விற்கின்றோம். பிறகு எலி பெருகிவிட்டது என்று வருந்துகின்றோம். மலைமேல் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களில் லயங்களிலும் ஏலத்தோட்டங்களிலும் வாழ்வோர்க்கும், நெல்லியாம்பதிக் குடும்பங்களுக்கும், கீழே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து உழவர்க்கும் இது பொதுவான தொல்லையாதலின், அம்மையாருக்கான விடையை எல்லாருக்குமாகவே எழுதுகின்றேன்.

எலி என்று ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகின்றோம். நிலத்தோடு பழகிய நம் முன்னோர் அவ்வாறு அடக்கவில்லை. கூரையிலும் பரணிலும் ஓடுவது வீட்டெலி. தென்னையில் ஏறிக் குரும்பையைத் துளைப்பதும், கொக்கோக் காயைக் குடைவதும் பெரும்பாலும் அதுவே. வரப்பில் வளை தோண்டி, நெற்கதிரை அறுத்து உள்ளே இழுத்துச் சென்று சேமிப்பது கரம்பை எலி. குப்பைமேட்டையும் சாக்கடையோரத்தையும் நாடுவது பெருச்சாளி. மேட்டுநிலத்தில் வெள்ளெலி, கழனியில் சுண்டெலி. ஒவ்வொன்றின் வாழ்க்கையும் வேறு. ஆதலின் அடக்கும் வழியும் வேறு. மூஞ்சூற்றையும் எலியென்றே எண்ணி அடித்துக் கொல்வோர் உண்டு. அது எலிக் குலத்தைச் சேர்ந்ததே அன்று. கரப்பானையும் புழுவையும் தேடித் தின்னும் சிறு விலங்கு. அதன் நாற்றத்தைப் பொறுக்க முடியாது என்பது மெய்தான். ஆனால் நாற்றத்திற்கு மரணதண்டனை மிகையல்லவா?

எலியின் வலிமை அதன் பல்லில் இல்லை. அதன் தொட்டிலில் இருக்கின்றது. வீட்டெலியின் கருக்காலம் ஏறக்குறைய 3 வாரமே. ஓர் ஈற்றுக்கு ஆறேழு குட்டிகள் என்பது இயல்பு. மூன்று திங்களுக்குள் அக்குட்டிகளும் ஈனத் தொடங்கும். எனவே பத்தைக் கொன்றால் பத்துக் குறையும் என்னும் கணக்கு எலியிடம் செல்லாது. தின்ன உணவும் ஒளிய இடமும் இருக்கும்வரை, கொன்ற இடத்தை வேறு எலிகள் வந்து நிரப்பிவிடும். எலியே இல்லாத ஊரை நான் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. எலியோடு ஓரளவு கூடியே வாழ வேண்டியிருக்கின்றது. அந்த அளவைச் சிறிதாக வைத்துக்கொள்வது நம்மாலும் ஆகும்; நம்மினும் நன்றாகக் கூகையால் ஆகும்.

கூகையை மலையாளிகள் வெள்ளிமூங்ஙா என்பர். வெளுத்த நெஞ்சு, பொன்னும் சாம்பலும் கலந்த முதுகு, வெற்றிலை போன்ற வடிவில் வெண்முகம். அதன் குரல் மற்ற ஆந்தைகளைப் போலக் கூவுவது அன்று, கிறீச்சிடும், சீறும். குஞ்சுகளோ இரவு முழுதும் குறட்டை விடுவது போல இரைந்துகொண்டே இருக்கும். இருட்டில், ஆளில்லாத கட்டடத்திலிருந்து இவ்வொலி வந்தால் பேய் என்று அஞ்சுவது இயற்கையே, நானும் அஞ்சியிருக்கின்றேன். ஆனால் அது பசித்த குஞ்சுகள் சோறு கேட்கும் ஒலி. அந்தச் சோறு எலி.

கூகையின் இரு காதுகளும் ஒரே உயரத்தில் அமைந்தவை அல்ல; ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழுமாக இருக்கும். அதனால் ஓர் ஒலி எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தாழ்விலிருந்து வருகின்றது என்பதை நுட்பமாக அறியவல்லது. சிறிதும் வெளிச்சமில்லாத அறையில், காதின் துணை ஒன்றைக்கொண்டே அது இரையைப் பிடிப்பதை அறிஞர் ஆய்ந்து மெய்ப்பித்துள்ளனர். சிறகின் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற மெல்லிய இழைகள் இருப்பதால் பறக்கும் ஓசை எலிக்குக் கேட்பதில்லை. பிடித்த எலியைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்கிவிட்டு, செரியாத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். காவிரிப் படுகையில் ஆய்வாளர்கள் இவ்வுருண்டைகளைப் பொறுக்கிப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் மிகுதியாக இருந்தவை வயல் எலிகளின் எலும்புகளே. குஞ்சு வளர்க்கும் ஓர் இணை ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைக் கொல்லக்கூடும் என்று கணிப்பர். கூலியோ உணவோ கேளாமல், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் வேண்டாமல் இவ்வேலையைச் செய்யும் ஆள் நம் தோட்டங்களில் வேறு யார் இருக்கின்றார்?

இத்தகைய பறவைக்கு நாம் கொடுக்கும் பெயர் அபசகுனம். மலையாள நாட்டில் இவ்வச்சம் மற்றோர் ஆந்தையையும் பற்றியிருக்கின்றது. மரப்பொந்தில் வாழும் ஒருவகைப் பேராந்தைக்குக் காலன்கோழி என்றே பெயர். காலன் என்றால் யமன். அதன் நடுங்கும் கூவலைக் கேட்டால் அவ்வீட்டில் சாவு விழும் என்று அண்டை வீட்டுச் சேச்சிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம்மவர் நம்பிக்கையும் அதற்குச் சற்றும் இளைத்தது அன்று. நோயாளி இருக்கும் வீட்டில் இரவு முழுதும் விளக்கு எரியும். விளக்கை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சியையும் அதைத் தின்ன வரும் சிற்றுயிர்களையும் நாடிச் சில ஆந்தைகள் வரும். சாவு ஆந்தையால் வந்ததன்று. ஆந்தைதான் விளக்கால் வந்தது.

அச்சமாவது அறியாமை. விலை பேசுவது அதனினும் கொடிது. கூகையை வீட்டில் வைத்திருந்தால் செல்வம் சேரும், மந்திரச் சடங்கிற்கு உதவும் என்னும் மூடநம்பிக்கையை மூலதனமாக்கிக் கேரளத்தில் வெள்ளிமூங்ஙாவை இலட்சக்கணக்கில் விலை கூறி ஏமாற்றும் கும்பல்கள் பல முறை பிடிபட்டுள்ளன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூகையைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நாம் பிழைக்க வந்த இடத்தில் இருக்கின்றோம். இத்தகைய வழக்கில் அகப்படுபவர் பணம் கொடுத்தவராக இருப்பதில்லை. பறவையைக் கையில் வைத்திருந்த கூலியாளாகவே இருப்பார். ஆதலின் அம்மையாரே, அந்த மனிதர் மீண்டும் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மூன்றாம் முறையும் வந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

நம் உறவினர் பலர் வாழும் மலேசியாவின் கதை இங்கே நினைவுகூரத்தக்கது. அங்கே ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறியபோது, செம்பனைப் பழத்தைத் தின்று எலிகள் அளவிறந்து பெருகின. 1960களின் இறுதிவரை கூகை அந்நாட்டில் அரிய பறவை. பிறகு ஜொகூர்ப் பகுதியில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது கூடு கட்டக் கண்டனர். செம்பனையில் பொந்து இராது. ஆகவே தோட்டத்தார் கம்பம் நட்டு மரப்பெட்டிகளைப் பொருத்திக் கொடுத்தனர். 5 முதல் 10 ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கமான கணக்கு. கூகைகள் தாமே வந்து குடியேறிப் பரவின. ஆனால் வீரியம் மிகுந்த புதுவகை எலி நஞ்சுகளைத் தூவிய தோட்டங்களில், நஞ்சுண்ட எலியைத் தின்று கூகைகளும் மடிந்தன. பெட்டியும் வைத்து நஞ்சும் வைத்தவர், ஒரு கையால் நட்டு மறு கையால் பிடுங்கியவராயினர்.

இஸ்ரேல் நாட்டு உழவர் 1983 முதல் இம்முறையைக் கையாள்கின்றனர். 2002-ஆம் ஆண்டில் எல்லைக்கு அப்பாலுள்ள யோர்தானும் இம்முயற்சியில் சேர்ந்துகொண்டது. அங்கும் கூகை கெட்ட சகுனம் என்றே கருதப்பட்டது. வயலில் கண்ட பயன்தான் மனத்தை மாற்றியது. நமக்கு இன்னும் அண்மையில், இலட்சத்தீவின் கவரத்தித் தீவில் தென்னையை நாசமாக்கும் எலிகளை அடக்குவதற்காக 2019-இல் கூகைகளைக் கொண்டு சென்றனர். அவை எங்கிருந்து சென்றன? கேரளத்திலிருந்து! கடல் கடந்து கூட்டிச்செல்லத் தக்கதென்று பிறர் கருதும் பறவை நம் கிடங்கில் தானே வந்து குடியிருக்கின்றது, நாமோ கல்லெடுக்கின்றோம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இயற்கைப் பகைவரைக் கொண்டு எலியை அடக்குவது என்றவுடன், எங்கிருந்தேனும் ஒரு விலங்கைக் கொண்டுவந்து விட்டால் போதும் என்று எண்ணிவிடலாகாது. 1872-ஆம் ஆண்டில் ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்ட முதலாளி ஒருவர் கல்கத்தாவிலிருந்து 9 கீரிகளை வரவழைத்துத் தோட்டத்தில் விட்டார். முதலிற் சில ஆண்டுகள் எலி குறைந்தது, மகிழ்ந்தனர். அதைக் கண்டு 1883-இல் ஹவாயிலும், நம் நாட்டுக் கரும்புக் கூலிகள் ஒப்பந்தத்தில் சென்று உழைத்த பிஜித் தீவிலும் கீரியை இறக்குமதி செய்தனர். கீரியோ பகலில் வேட்டையாடுவது. எலி இரவில் நடமாடுவது. எலியைத் தேடி அலையும் வருத்தத்தைக் காட்டிலும் தரையில் முட்டையிடும் பறவைகளையும் கோழிக்குஞ்சுகளையும் பிடிப்பது கீரிக்கு எளிதாயிற்று. இன்று அத்தீவுகளில் கீரியே ஒழிக்க வேண்டிய பகையாக நிற்கின்றது. நம் வரப்பிலும் வேலியிலும் ஓடும் கீரிக்கு இக்குற்றம் இல்லை. அது இம்மண்ணுக்கு உரியது. இங்கே அதற்கு அளவிட இரையும் உண்டு, பகையும் உண்டு. இருப்பதைக் காப்பது ஒன்று, இல்லாததைப் புகுத்துவது வேறொன்று.

பூனையைப் பற்றிக் கேட்பீர்கள். பூனை இருக்கும் அடுப்படியில் சுண்டெலி அஞ்சும். வீட்டெலியின் குட்டிகளையும் அது பிடிக்கும். ஆனால் வளர்ந்த பெருச்சாளியோடு மல்லுக்கு நிற்கும் பூனை அரிது. நியூயார்க் நகரத்துக் கழிவுக்கிடங்கு ஒன்றில் ஆய்வாளர்கள் படக்கருவி வைத்துக் கண்காணித்து, 79 நாட்களின் பதிவில் பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே என்று 2018-இல் வெளியிட்டனர். வீட்டுக்கு ஒரு பூனை போதும். தெருவெல்லாம் பூனை பெருகினால் எலியினும் சிட்டும் ஓணானுமே அதிகம் மடியும்.

இனிச் சாரைப்பாம்பு. இதன் பெயரைச் சொன்னாலே தடியைத் தேடுவோர் நம்மில் மிகுதி. சாரைக்கு நஞ்சு இல்லை. எலி வளைக்குள்ளேயே நுழைந்து குட்டிகளோடு விழுங்கக்கூடிய காவலாள் அது. கூகையால் வளைக்குள் போக முடியாது. மலையாளிகள் இதைச் சேர என்று அழைத்து, தோட்டத்தில் கண்டால் வாளா விட்டுவிடுவோர் பலர். நல்லபாம்போடு சாரை இணையும் என்னும் நம் ஊர்க்கதையில் உண்மை சிறிதும் இல்லை. ஒன்றோடொன்று பின்னி எழுவன பெரும்பாலும் வலிமை பார்க்கும் இரண்டு ஆண் சாரைகளே. ஒரு காலத்தில் தோலுக்காகவும் இப்பாம்பைப் பெருந்தொகையாகக் கொன்று வெளிநாட்டுக்கு ஏற்றினர். 1970களில் அவ்வணிகம் தடை செய்யப்பட்டது. அதனால் பிழைப்பிழந்த இருளர்கள் 1978-இல் சென்னைக்கு அண்மையில் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்சு மட்டும் எடுத்து, நஞ்சுமுறி மருந்துக்கு வழங்கி வருகின்றனர். எலி வளையைக் கண்ட மாத்திரத்தில் உள்ளே எலி இருக்கின்றதா, இல்லையா என்று சொல்லும் திறமும் அம்மக்களுக்கு உண்டு. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இதனால் பாம்பை வீட்டுக்குள் வரவேற்கச் சொல்கின்றேன் என்று எண்ணவேண்டா. எலி உள்ள வீட்டை நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் கூடத் தேடி வரும். எது சாரை, எது நஞ்சுப்பாம்பு என்று இருட்டில் ஆராய்ச்சி செய்வது அறிவுடைமை ஆகாது. எந்தப் பாம்பாயினும் விலகி நின்று, பயிற்சி பெற்ற பாம்பு மீட்பரை அழையுங்கள். கேரள வனத்துறை ‘சர்ப்ப’ என்னும் கைப்பேசிச் செயலி மூலம் அவர்களை அழைக்க வழி செய்திருக்கின்றது. கடிபட்டால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டா. நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே செல்க.

இப்போது பரணில் இருக்கும் பசைக்கு வருவோம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனித உடலில் சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும். அதற்கென்று தனி முறிவு மருந்து இல்லை. அதன் சூது இன்னொன்று: உட்கொண்ட முதல் நாள் வாந்தியோடு அடங்கி, ஒன்றும் ஆகவில்லை போலத் தோன்றும், இரண்டு மூன்று நாள் கழித்து மஞ்சள் காமாலையாக வெளிப்படும். ஆகவே பிள்ளையின் கைவிரலில் பசை ஒட்டியிருந்து, அது வாய்க்குப் போயிருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலும், நன்றாகத்தானே விளையாடுகின்றது என்று காத்திராமல், குழாயையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலவில்லை. கடனும் பிணக்கும் இல்லாத குடும்பம் இல்லை. கோபத்திலோ துயரத்திலோ மனம் கலங்கும் ஒரு நொடியில், கைக்கெட்டும் இடத்தில் இப்பசை இருந்ததனால் மட்டும் போன உயிர்கள் நம் லயங்களில் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். எலியால் அந்த வீட்டிற்கு நேர்ந்த நட்டம் ஒரு மூட்டை அரிசிதான். அம்மையாரே, இன்றே அதனை வீட்டை விட்டு அகற்றச் செய்யுங்கள். அடுப்பிலும் குப்பையிலும் போடாமல், வாங்கிய கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது நலம். அவர் மறுத்தால் கிருஷிபவன் அலுவலரிடம் வழி கேளுங்கள்.

கட்டியாக விற்கும் புரோமாடியோலோன் போன்ற நஞ்சுகள் சில நாள் கழித்தே எலியைக் கொல்வன. அந்நாட்களில் எலி தள்ளாடி வெளியே நடமாடும். கூகைக்கும் பூனைக்கும் எளிதில் அகப்படும். எலியின் உடலிலுள்ள நஞ்சு தின்றவற்றின் உடலுக்கும் செல்லும். எலி மூன்று திங்களில் மீண்டும் பெருகிவிடும். ஆண்டுக்கு ஓரிருமுறை மட்டும் குஞ்சு பொரிக்கும் கூகை அவ்வாறு பெருக வல்லதன்று. நஞ்சினால் கடைசியில் வெற்றி பெறுவது எலியே என்று நான் சொல்வது இக்கணக்கைக் கொண்டுதான்.

எலியைக் குறைக்க வேண்டியது அரிசிக்காக மட்டும் அன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் நம் காற்புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும். 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் இந்நோய் பரவியதும், அரசு டாக்சிசைக்ளின் மாத்திரை வழங்கியதும் நினைவிருக்கும். வயலில் நடவு செய்வோர், ஏலத்தோட்டத்தில் ஈரத்தில் களை எடுப்போர், ஓடை தூர்ப்போர் ஆகியோரே இதற்கு முதலில் ஆளாவர். காய்ச்சல், கடுந்தலைவலி, கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, கண் சிவத்தல் என்பன அறிகுறிகள். முற்றினால் ஈரலும் சிறுநீரகமும் கெடும். தொடக்கத்திலேயே சென்றால் எளிய மருந்தில் தீரும். மருத்துவரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், “சேற்றில் வேலை செய்கின்றேன்” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; அவர் நோயை ஊகிக்க அது பெருந்துணையாகும். மழைக்காலத்தில் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டே உண்ண வேண்டும். கருவுற்ற தாய்மாரும் சிறு பிள்ளைகளும் தாமாக உண்ணலாகாது. மலைப்பகுதியில், எலியின் மேல் ஒட்டி வாழும் நுண்ணிய பூச்சிகள் கடிப்பதனால் செள்ளுக்காய்ச்சலும் வருகின்றது.

கூகை கிடங்கைக் காக்கும். அடுப்படியைக் காப்பது நம் வேலை. அரிசியை மூடியுள்ள தகரப்பெட்டியில் வைத்தல், இரவில் எச்சில் பாத்திரத்தைக் கழுவிவிட்டு உறங்குதல், கதவின் அடியில் தகரம் அடித்தல், சுவர்த் துளையில் கம்பிவலை திணித்துச் சிமெண்டு பூசுதல், விறகைத் தரையில் குவிக்காமல் பரண்கட்டி அடுக்குதல் ஆகியவை செலவு குறைந்தவை. லயத்தில் ஒரு வீட்டார் மட்டும் செய்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்; வரிசை முழுதும் ஒரே ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டும். பொறி வைப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. எலி புதுப்பொருளைக் கண்டால் ஐயுறும். ஆகவே முதல் மூன்று நாள் பொறியை விசை பூட்டாமல் உணவு மட்டும் வைத்துப் பழக்கி, நான்காம் நாள் பூட்ட வேண்டும். சுட்ட கருவாடும் தேங்காய்க் கீற்றும் நன்றாக வேலை செய்யும். மசால்வடையின் புகழ் நம் நகைச்சுவைத் துணுக்குகளில் பெரிது. ஆனால் வீட்டில் வடை சுட்ட நாளில் அது பொறிவரை போய்ச் சேர்வதை நான் பார்த்ததில்லை.

தென்னைக்கு, தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் ஒன்றேகால் அடி அகலத் தகரப்பட்டையைத் தண்டைச் சுற்றி அடித்துவிட்டால் எலி ஏறும்போது வழுக்கும். மரத்துக்கு மரம் மட்டை தொட்டுக்கொண்டிருந்தால் பட்டையால் பயனில்லை. நெல்வயலில் வரப்பை அகலமாக விடாமல் சிறிதாக்கிப் புல் செதுக்கி வைத்தால் கரம்பை எலிக்கு வளை தோண்ட இடமிராது. அறுவடைக்குப் பின் வளைகளை வெட்டிப் பிடிப்பதற்கும், நடவுக் காலத்தில் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதற்கும் ஊரார் ஒரே நாளில் கூடி இறங்க வேண்டும். டி என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் கம்பங்களை வயலில் நட்டுவைத்தால், ஆந்தைகள் அவற்றில் அமர்ந்து வேட்டையாடும். ஹெக்டேருக்கு 40 முதல் 50 கம்பங்கள் நடுமாறு வேளாண்மைத் துறையினர் கூறுவர். கதிர் முற்றியதும் அவற்றை எடுத்துவிடலாம். இல்லாவிடில் பகலில் நெல் தின்னும் குருவிகளுக்கு அவை இருக்கையாகும்.

ஏலமலையின் நிலை சற்று வேறு. பழுத்த ஏலக்காயை அடித்தூரிலேயே எலி கடித்து உரித்து விதையைத் தின்றுவிடும். அணிலும் மரநாயும் கூட்டுச் சேரும். அவ்வுயரங்களில் கூகை அதிகமாக இராது. அது திறந்த வெளியும் குடியிருப்பும் உள்ள நிலத்தையே விரும்பும். அங்கே காவல் புரிபவை காட்டு ஆந்தைகளும், காட்டுப்பூனையும், சாரையுமே. நிழல்மரங்களில் பொந்து விழுந்த பழைய மரங்களே இவ்வாந்தைகளின் வீடு. கவாத்துச் செய்யும்போது ஆபத்தில்லாத இடத்திலுள்ள அத்தகைய மரங்களில் ஒன்றிரண்டை விட்டுவைக்குமாறு சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்க்கலாம். காயைப் பழுக்க விடாமல் உரிய பருவத்தில் பறித்துவிடுவதும், சருகுக் குவியலைத் தூருக்கு அருகில் சேரவிடாமல் இருப்பதும் எலியின் பங்கைக் குறைக்கும்.

சித்தூர்க் கிடங்குக் கூகைகளுக்குச் செய்ய வேண்டியது மிகச் சிறிது. குஞ்சு வெளியேறும்வரை சுவர் இடுக்கை அடைக்க வேண்டா. முட்டை பொரிய ஒரு மாதமும், குஞ்சு பறக்க அதன் பின் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகவோ மிகுதியாகவோ ஆகும். கிடங்கைப் பழுது பார்க்கும் எண்ணம் உடையவருக்கு இருந்தால், அதற்கு முன்பே ஒரு பெட்டி செய்து அருகில் வைத்துவிடலாம். 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அரை அடி வாயில். பழைய பலகை போதும். தரையிலிருந்து 12 அடிக்குமேல், மழைச்சாரல் வாயிலில் அடிக்காத திசையில் பொருத்த வேண்டும். உடனே வரவில்லையே என்று கழற்றிவிடாதீர்கள்; சில பெட்டிகளில் பல மாதம் கழித்தே குடிபுகும். பகலில் காக்கைக் கூட்டம் துரத்திக் கூகை தரையில் விழுந்து கிடந்தால், அட்டைப்பெட்டியால் மூடி நிழலில் வைத்து, இருட்டியதும் திறந்துவிடுங்கள்; காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கின்றேன். கூகை தங்கும் இடத்தின் கீழே கருத்த உருண்டைகள் கிடக்கும். கையுறை அணிந்து ஒன்றிரண்டைப் பொறுக்கி, சோப்பு நீரில் ஓர் இரவு ஊறவைத்து, குச்சியால் மெல்லப் பிரித்தால் சிறு மண்டையோடுகளும் தாடைகளும் வரும். எலியின் முன்பல் நீண்டு வளைந்து ஆரஞ்சு நிறமாக இருக்கும். மூஞ்சூற்றின் பல் சிறிதாகவும் கூராகவும் இருக்கும். ஓர் உருண்டையில் எத்தனை எலி என்று எண்ணிக் குறித்து, கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகு நம் ஏட்டின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். எந்தத் தோப்பு, எந்த மாதம் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.